கல்லறையைத் தேடுமுன் ஏட்டைத் தேடுங்கள்: பங்குக் கல்லறைத் தோட்டத்தில் முன்னோரைக் கண்டுபிடிக்க முழு வழிகாட்டி

தாத்தாவின் கல்லறையைத் தேடி ஊருக்கு வருபவர்கள் பெரும்பாலும் நேரே கல்லறைத் தோட்டத்துக்குத்தான் போகிறார்கள். அரை நாள் வெயிலில் நடந்து, கண்ணில் பட்ட எழுத்தையெல்லாம் வாசித்து, பெயர் கிடைக்காமல் "இங்கே இல்லை போல" என்று திரும்பிவிடுகிறார்கள். அவர் அங்கேதான் இருப்பார். அவருக்குக் கல் வைத்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

தமிழ்நாட்டுக் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டங்களில் அடக்கமானவர்களில் கல் நட்டவர்கள் சிறுபான்மை. மற்றவர்களுக்கு மண்மேடும் மரச்சிலுவையும்தான். சிலுவையைக் கறையான் தின்றுவிடும், மேடு இரண்டு மழைக்காலத்தில் அமுங்கிவிடும். இடநெருக்கடியில் அதே குழியைச் சில பத்தாண்டுகள் கழித்து இன்னொருவருக்குத் திறப்பதும் வழக்கம். ஆகவே தேடலின் வரிசை இது: வீடு, பங்கு (ஒரு கோயிலின் கீழுள்ள கிறிஸ்தவ வட்டாரம்), ஏடு (கோயிலின் அடக்கப் பதிவேடு), அரசுப் பதிவு, அதன் பிறகே தோட்டம். ஏட்டில் பெயர் கிடைத்துவிட்டால் கல் கிடைக்காவிட்டாலும் வேலை முடிந்த மாதிரி. கல் மட்டும் கிடைத்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. ஏன் என்பதற்குச் சென்னைக் கோட்டையே சாட்சி.

கல் நகரும்: புனித ஜார்ஜ் கோட்டையின் பாடம்

கோட்டைக்குள் இருக்கும் புனித மரியாள் ஆலயத்துக்கு 1678 மார்ச் 25 அன்று வேலை தொடங்கியது. 1680 அக்டோபர் 28 அன்று அது அர்ச்சிக்கப்பட்டது. ஆலயத்தைச் சுற்றி நடந்தால் காலடியில் முழுக்கக் கல்லறைப் பலகைகள். அவற்றில் ஒன்று 1652இல் இறந்த எலிசபெத் பேக்கருடையது. இந்தியாவில் கிடைத்துள்ள ஆங்கிலேயக் கல்லறை எழுத்துகளில் மிகப் பழையதாக அதைச் சொல்வார்கள். ஆலயம் எழும்புவதற்கு 28 ஆண்டு முன்பே இறந்தவரின் கல் ஆலய முற்றத்துக்கு எப்படி வந்தது?

பழைய இடுகாடு கோட்டைக்கு வெளியே, பின்னாளில் சட்டக்கல்லூரி வந்த இடத்தில், கொய்யாத் தோட்டம் என்று பெயர் பெற்ற பகுதியில் இருந்தது. 1758 டிசம்பரில் லல்லியின் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது அங்கிருந்த உயரமான கல்லறைகள் எதிரிக்கு மறைவிடமாகப் பயன்பட்டன. 1759இல் முற்றுகை விலகியதும் அடுத்த முறை அந்த வசதி கிடைக்கக் கூடாதென்று கல்லறைகளை இடித்தார்கள். எழுத்துள்ள பலகைகளை மட்டும் பெயர்த்துக் கொண்டுவந்து ஆலயத்தைச் சுற்றிப் பாவினார்கள். உடல்கள் அங்கேயே இருந்துவிட்டன. அந்நாளைய சென்னை ஆளுநர் எலிஹு யேலின் மகனும் கம்பெனி அதிகாரி ஜோசப் ஹின்மர்ஸும் அடக்கமான கூரிய தூபி பழைய இடத்திலேயே நின்றது.

அதே ஆலயத்துக்குள் இருக்கும் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோவின் கல்லறையில் நடந்தது இதற்கு நேர்மாறு. அவர் 1827 ஜூலை 6 அன்று இன்றைய ஆந்திரத்தின் பத்திகொண்டாவில் காலராவில் இறந்தார், குத்தியில் அடக்கமானார். 1831இல்தான் அவருடைய எச்சங்கள் கோட்டைக்கு வந்தன. இறந்த ஊர், முதலில் அடக்கமான ஊர், இப்போது இருக்கும் ஊர் என்று மூன்று. பிஷப் ராபர்ட் கால்டுவெல் 1891 ஆகஸ்ட் 28 அன்று கொடைக்கானலில் இறந்தார், ஆனால் கல்லறை திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடி ஆலயத்துக்குள் இருக்கிறது. உங்கள் கொள்ளுத்தாத்தா பிஷப்பாக இல்லாமல் இருக்கலாம். ஆனால் அவரும் மதுரை ஆஸ்பத்திரியில் இறந்து சொந்த ஊரில் அடக்கமாகியிருக்கலாம். இறந்த இடத்தையும் அடக்கமான இடத்தையும் முதல் நாளிலிருந்தே தனித்தனியாகக் குறித்து வையுங்கள்.

முதல் படி: வீட்டில் இருப்பதைத் திரட்டுதல்

பங்கு அலுவலகத்துக்குப் போகுமுன் நான்கு விவரமாவது கையில் வேண்டும்: திருமுழுக்குப் பெயர், தகப்பன் பெயர் அல்லது கணவன் பெயர், அக்காலத்தில் குடியிருந்த ஊர் அல்லது தெரு, இறந்த ஆண்டு ஐந்து வருடம் முன்பின்னாக. கடைசியாகச் சொன்னது இல்லாமல் போனால் ஏட்டை முழுக்கப் புரட்ட வேண்டிவரும், அதற்கு எந்தப் பங்குத்தந்தையும் சம்மதிக்க மாட்டார்.

இவை கிடைக்கும் இடங்கள்: பைபிளின் முன்பக்க வெற்றுத் தாள், செப மாலைப் பெட்டிக்குள் கிடக்கும் நினைவு அட்டை, முப்பதாம் நாள் அழைப்பிதழ், நாளிதழ் நினைவஞ்சலி, பழைய பத்திரத்தில் "காலஞ்சென்ற இன்னார் குமாரர்" என்று வரும் வரி. பங்குக் குடும்ப அட்டையும் சந்தாச் சீட்டும் கூட உதவும்.

ஆண்டே தெரியவில்லையா? பிள்ளைகளின் திருமணப் பதிவை வைத்து இரு பக்கமும் வேலி போடலாம். மூத்த மகனின் 1921 திருமணப் பதிவில் தகப்பன் பெயர் வெறுமனே இருக்கிறது, இளைய மகளின் 1929 பதிவில் "காலஞ்சென்ற" என்று இருக்கிறது என்றால் தேட வேண்டியது அந்த எட்டு ஆண்டுகளை மட்டுமே. குடும்பத்தார் சொல்லும் "அப்பா பிறந்த வருஷம்தான் தாத்தா போனார்" என்ற கணக்கைவிட இது நம்பத் தகுந்தது.

இரண்டாம் படி: அந்தக் காலத்தில் எந்தப் பங்கு?

அதிகம் பேர் வழி தவறுவது இங்கேதான். இன்றைக்கு உங்கள் ஊர் தனிப் பங்காக இருக்கலாம். நூறு வருடத்துக்கு முன் பத்து மைல் தள்ளியிருந்த தாய்ப்பங்கின் கிளைக் கிராமமாக இருந்திருக்கும். அப்போது பங்கு என்ற சொல்லைவிட விசாரணை என்ற சொல்தான் புழக்கம். பங்கு பிரியும்போது பழைய ஏடு பொதுவாகத் தாய்ப்பங்கிலேயே தங்கிவிடும். எனவே முதல் கேள்வி "எங்கள் கோயில் எப்போது தனிப்பங்கானது, அதற்கு முன் எந்தப் பங்கோடு இருந்தது?" என்பது. பங்கின் வெள்ளிவிழா மலர், பொன்விழா மலர் எதையாவது ஊரில் யாரிடமாவது வாங்கினால் பதில் முதல் நான்கு பக்கத்துக்குள் இருக்கும்.

மறைமாவட்ட எல்லைகளும் இப்படித்தான் மாறின. தூத்துக்குடி மறைமாவட்டம் 1923இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிந்தது. கோட்டாறு 1930இல் கொல்லத்திலிருந்து பிரிந்தது, அதிலிருந்து குழித்துறை 2014இல் வந்தது. பாளையங்கோட்டை 1973இல் மதுரையிலிருந்தும், செங்கல்பட்டு 2002இல் சென்னை மயிலாப்பூரிலிருந்தும் பிரிந்தன. கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரையும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியையும் சேர்ந்ததாகையால் அங்குள்ள பழைய அரசுப் பதிவுகளும் சில சமயம் கேரளத்தை நோக்கி இழுக்கும்.

கத்தோலிக்கர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. போர்த்துகல் அரசரின் பதுருவாதோ அதிகாரத்தின் கீழும் ரோமையின் புரப்பகந்தா அதிகாரத்தின் கீழும் சில ஊர்களில் தனித்தனிக் கோயில்கள் நெடுங்காலம் இருந்தன. ஒரே ஊர், ஒரே தெரு, இரண்டு சாமியார், இரண்டு ஏடு. ஒன்றில் இல்லாவிட்டால் மற்றதையும் கேளுங்கள்.

சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பங்களுக்கு, பல சபைகள் இணைந்து அது உருவான 1947 செப்டம்பர் 27 ஓர் எல்லைக்கோடு. அதற்கு முன் உங்கள் சபை எந்த மிஷனுடையது என்று தெரிந்தாக வேண்டும்: திருநெல்வேலியில் எஸ்.பி.ஜி.யா சி.எம்.எஸ்.ஸா, தென் திருவிதாங்கூரில் எல்.எம்.எஸ்.ஸா, மதுரையில் அமெரிக்கன் மிஷனா. இங்கே ஏடு இருப்பது சேகர அலுவலகத்தில். பல சபைகள் சேர்ந்தது ஒரு சேகரம் என்பதால் ஒரே புத்தகத்தில் பல கிராமங்கள் கலந்து வரும்.

பட்டணங்களில் கோயிலுக்கும் கல்லறைக்கும் நேரடித் தொடர்பே இல்லாமல் போகலாம். சென்னையில் கீழ்ப்பாக்கம், காசிமேடு கல்லறைகள் பல சபைகளுக்கும் பொதுவானவை. அவற்றை நிர்வகிப்பது தனிக் கல்லறை வாரியம். அப்படிப்பட்ட இடத்தில் கோயில் ஏட்டில் "அடக்கம்" என்ற ஒரு சொல்தான் இருக்கும், குழி எண் வாரியத்தின் ஏட்டில்தான் இருக்கும். இரண்டையும் பார்க்க வேண்டும்.

சாதியையும் சொல்லியாக வேண்டும், சொல்லாமல் விட்டால் தேடல் தப்பாகும். பல பங்குகளில் ஒரே கோயிலுக்கு இரண்டு கல்லறைத் தோட்டங்கள், அல்லது ஒரே தோட்டத்தின் நடுவே சுவர். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைச் சுவர் பல காலமாகப் பேசப்படுவது. தலித் கிறிஸ்தவர்களின் அடக்கங்கள் சில இடங்களில் தனி ஏட்டிலோ ஏட்டின் பின்பகுதியிலோ இருக்கும். "இந்தப் பங்குக்கு எத்தனை கல்லறைத் தோட்டம், எத்தனை ஏடு?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

மூன்றாம் படி: பங்கு அலுவலகத்தில்

அடக்க ஏடு பொது ஆவணம் இல்லை. அதைக் காட்டுவது பங்குத்தந்தையின் அல்லது சேகர குருவின் நல்லெண்ணம். முன்கூட்டியே ஒரு பக்கக் கடிதம் கொடுத்தால் வேலை சுலபமாகும். அதில் இறந்தவர் பெயர், தகப்பன் அல்லது கணவன் பெயர், கிளைக் கிராமம், தேட வேண்டிய ஆண்டுகள், உங்களுக்கு அவர் என்ன உறவு, உங்கள் தொலைபேசி எண் ஆகியவை இருக்கட்டும். நோக்கத்தையும் எழுதுங்கள். வாரிசு வழக்குக்கா, குடும்ப வரலாற்றுக்கா என்று தெரியாதவரை அலுவலகம் தயங்கும், தயங்குவதும் நியாயம்.

ஞாயிறு, தவக்காலத்தின் கடைசி வாரம், கொடியேற்றத்திலிருந்து தேர் வரை, கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரு வாரம் ஆகியவற்றைத் தவிருங்கள். கோயில்பிள்ளையையும் (கோயில் பணியாளர்) உபதேசியாரையும் (சாமியாருக்கு உதவும் மறைபோதகர்) முதலில் பாருங்கள். எந்த அலமாரியில் எந்த ஏடு என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

ஏட்டைக் கையாளும்போது கை உலர்ந்திருக்க வேண்டும், விரலில் எச்சில் தொட்டுப் புரட்டக் கூடாது. குறிப்பெடுக்கப் பென்சில் மட்டும். பழைய இரும்பு மை தாளை அரித்திருக்கும், பக்கத்தை முழுக்க விரித்து அழுத்தினால் எழுத்து இருக்கும் இடம் அப்படியே உதிரும். படம் எடுக்க அனுமதி கேளுங்கள். கிடைத்தால் ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள், முதலில் ஏட்டின் அட்டையையும் பிறகு பக்கம் முழுவதையும் எடுத்துவிட்டு அதற்குப் பிறகே உங்கள் வரியை எடுங்கள். வரியை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தவர்கள் ஆண்டு பக்கத்தின் உச்சியில் இருந்தது என்று வீட்டில் போய்த்தான் உணர்கிறார்கள்.

நான்காம் படி: ஏட்டை வாசித்தல்

கத்தோலிக்கப் பங்குகளில் திருமுழுக்கு, திருமண ஏடுகளை வைக்கச் சொன்னது 1563இல் முடிந்த திரிதெந்தீன் சங்கம். இறந்தோர் ஏட்டை விதித்தது 1614இன் உரோமைச் சடங்கு நூல். இன்றைய திருச்சபைச் சட்டத்தில் 535ஆம் விதி அதைத் தொடர்கிறது. இதனால் ஒரு நடைமுறை விளைவு: பல பங்குகளில் திருமுழுக்கு ஏடு அடக்க ஏட்டைவிட முன்னதாகத் தொடங்கும், ஒழுங்காகவும் இருக்கும். அடக்க ஏட்டில் இடைவெளிகள் அதிகம், காரணம் திருமணத்துக்குத் திருமுழுக்குச் சான்று கேட்பார்கள், அடக்கச் சான்றை யாரும் கேட்பதில்லை.

மொழி மாறிக்கொண்டே இருக்கும். குருவின் தேசத்தைப் பொறுத்து இலத்தீன், போர்த்துகீசு, பிரெஞ்சு. ஆங்கிலிக்கன் சபைகளில் ஆங்கிலம். லுத்தரன் சபைகளிலும் கிராமச் சபைகளிலும் தமிழ். மொழி தெரியாவிட்டாலும் பத்துச் சொல் போதும். இலத்தீனில் "ஒபீயித்" என்றால் இறந்தார், "செபுல்துஸ்" ஆணின் அடக்கம், "செபுல்தா" பெண்ணின் அடக்கம், "ஃபீலியுஸ்" மகன், "ஃபீலியா" மகள், "உக்சோர்" மனைவி, "விதுவா" கைம்பெண், "இன்ஃபான்ஸ்" குழந்தை. போர்த்துகீசில் "ஃபலெசேயு" இறந்தார், பிரெஞ்சில் "தெசெதே" இறந்தவர், "இனுமே" அடக்கமானவர்.

மாதத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. இலத்தீன் ஏட்டில் 7 என்று எழுதிப் பக்கத்தில் சிறிதாக நாலைந்து எழுத்து இருந்தால் அது ஜூலை அல்ல, செப்டம்பர். இலத்தீனில் செப்தெம் என்றால் ஏழு. அதுபோல 8 அக்டோபர், 9 நவம்பர், 10 டிசம்பர். இந்த ஒரு தவற்றால் நினைவு நாளையே இரண்டு மாதம் தள்ளிக் கொண்டாடும் குடும்பங்கள் இருக்கக்கூடும்.

ஆங்கிலேய ஏடுகளில் 1752க்கு முன் புத்தாண்டு மார்ச் 25 அன்றுதான். ஜனவரி முதல் மார்ச் 24 வரையிலான தேதிகள் முந்தைய ஆண்டின் எண்ணோடு இருக்கும், அல்லது 1745/6 என்று இரண்டும் இருக்கும். அதை நம் கணக்கில் 1746 என்று எடுக்க வேண்டும்.

பெயரில்தான் பெரிய குழப்பம். குரு இலத்தீனில் எழுதும்போது தமிழ்ப் பெயரை அதன் மூலத்துக்கு மாற்றிவிடுவார். அருளப்பன் யோவான்னெஸ் ஆவார், இராயப்பன் பெத்ருஸ், சின்னப்பன் பவுலுஸ், சூசை யோசேஃபுஸ், முடியப்பன் ஸ்தெஃபானுஸ், ஞானப்பிரகாசம் அலோய்சியுஸ். சந்தியாகுவும் யாகப்பனும் இருவருமே யாக்கோபுஸ். எனவே குடும்பத்தில் வழங்கும் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு போனால் கண்முன் இருக்கும் ஆளைத் தாண்டிப் போய்விடுவீர்கள். கடற்கரை ஊர்களில் பர்னாந்து, பெர்னாண்டோ, பெர்னாண்டஸ் மூன்றும் ஒரே வீட்டுக்கு வரும். புதுச்சேரியில் 1881 செப்டம்பர் 21 ஆணையின்படி தங்கள் சமூகத் தனிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றவர்கள் அப்போதுதான் புதுக் குடும்பப் பெயர் எடுத்தார்கள். அந்த ஆண்டுக்கு முன் அதே குடும்பப் பெயரைத் தேடினால் ஒன்றும் அகப்படாது.

தேதியிலும் கவனம் வேண்டும். நம் வெயிலுக்கு இறந்த அன்றோ மறுநாளோ அடக்கம் முடிந்துவிடும். ஐஸ் பெட்டி வந்ததெல்லாம் பிற்காலம். ஆகவே பழைய ஏட்டில் இறப்புக்கும் அடக்கத்துக்கும் ஒரு வாரம் இடைவெளி தெரிந்தால் நீங்கள் தேதியைத் தப்பாக வாசித்திருக்கிறீர்கள், அல்லது அது பதிந்த தேதி. கிளைக் கிராமங்களில் உபதேசியாரே அடக்கத்தை நடத்திவிட்டு, சாமியார் அடுத்த முறை வரும்போது வாய்மொழியாகச் சொல்வார். சாமியார் ஒரே அமர்வில் ஆறேழு பெயரை எழுதுவார். எழுத்து ஒரே மையில், ஒரே சாய்வில், தேதிகள் மட்டும் முன்பின்னாக இருந்தால் அதுதான் நடந்திருக்கிறது. அத்தகைய பதிவில் மாதத்தை நம்பலாம், நாளை நம்ப வேண்டாம்.

வயதும் அப்படியே. 60, 70, 80 என்று முழு எண்கள் குவிந்திருந்தால் அது உத்தேசம். திருமுழுக்கு ஏட்டோடு ஒப்பிட்டால் பத்து ஆண்டு வித்தியாசம்கூட வரலாம், அதனால் அவர் வேறு ஆள் என்று முடிவுகட்டாதீர்கள். 1876 முதல் 1878 வரையிலான தாது வருடப் பஞ்சத்திலும் 1918 இன்புளுவென்சாவிலும் பதிவு வெறும் பெயராகக் குறுகியிருக்கும், அல்லது விடுபட்டிருக்கும்.

ஐந்தாம் படி: பங்கில் இல்லையென்றால்

ஏட்டைக் கறையான் தின்றிருக்கும், புயலில் நனைந்திருக்கும், அல்லது யாரோ வழக்குக்காக எடுத்துப்போய்த் திருப்பாமல் இருந்திருப்பார். அப்போது நகலைத் தேடுங்கள். 1917ஆம் ஆண்டின் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் பங்கு ஏடுகளின் நகலை ஆண்டுதோறும் ஆயர் இல்லத்துக்கு அனுப்பச் சொன்னது. அது எல்லா இடத்திலும் நடந்தது என்று சொல்ல முடியாது, ஆனால் 1918க்குப் பிந்தைய அடக்கமானால் மறைமாவட்டச் செயலகத்தில் ஒரு விண்ணப்பம் போடாமல் விட்டுவிடக் கூடாது. மறைமாவட்டம் பிரிந்திருந்தால் விண்ணப்பம் அந்தக் காலத்து ஆயர் இல்லத்துக்குப் போக வேண்டும். மதுரை மிஷன் பகுதிக் குருக்களின் கடிதங்களும் குறிப்புகளும் கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் உள்ள யேசு சபை ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பெயர்ப் பட்டியலை அங்கே எதிர்பார்க்காதீர்கள், ஊரின் வரலாற்றுக்கு அது பொக்கிஷம்.

ஆங்கிலிக்கன் அடக்கங்களின் நகல்கள் லண்டனுக்குப் போயின. பிரித்தானிய நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் சென்னை மாகாணத்தின் தொகுதி என்/2 என்ற எண்ணில் 1698இலிருந்து தொடங்குகிறது. ஃபைண்ட்மைபாஸ்ட் என்ற குடும்ப வரலாற்று இணையதளத்தில் பக்கங்களின் படமே உண்டு, கட்டணம் உண்டு. ஃபேமிலிசர்ச் என்ற மற்றொரு தளத்தில் அட்டவணை இலவசம். பிரித்தானிய இந்தியக் குடும்பங்களுக்கான பைபிஸ் சங்கத்தின் தேடுபொறியும் இலவசம். பெரும்பாலும் ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும்தான் இவற்றில் வருவார்கள், இந்தியக் கிறிஸ்தவர்களும் ஆங்காங்கே உண்டு. அனைத்தும் கையால் எடுத்த நகல் என்பதை மறக்க வேண்டாம். தமிழ் ஊர்ப்பெயரைக் கேட்டு எழுதியவர் ஒருவர், அதைப் பார்த்து எழுதியவர் இன்னொருவர், கணினியில் ஏற்றியவர் மூன்றாமவர். பெயரை நான்கு விதமாக எழுத்துக்கூட்டித் தேடுங்கள், அல்லது பெயரை விட்டுவிட்டு இடத்தையும் ஆண்டையும் மட்டும் கொடுங்கள்.

புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்களுக்கு அதிர்ஷ்டம். பிரெஞ்சுக் குடிமைப் பதிவேடுகளை பிரான்சின் எய்க்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த ஆவணக் காப்பகம் இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. வருடம் தெரிந்தால் ஆண்டிறுதி அட்டவணையிலிருந்து தொடங்கலாம்.

அரசுப் பதிவு: சென்னை மாகாணத்தில் 1899இல் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்தது, இப்போது நடப்பில் இருப்பது 1969இன் மத்தியச் சட்டம். நகரத்தில் மாநகராட்சி அல்லது நகராட்சியின் சுகாதாரப் பிரிவு, கிராமத்தில் கிராம நிர்வாக அலுவலர். பழைய ஏடுகளுக்கு வட்டாட்சியர் அலுவலகத்திலும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் கேட்டுப் பார்க்க வேண்டும். அங்கே திருமுழுக்குப் பெயர் செல்லாது, ஊர் கூப்பிட்ட பெயரில்தான் பதிந்திருக்கும்.

இவை எதிலும் இல்லையென்றால் கோயில் கணக்குப் புத்தகம். துக்க மணி, தூம்பா (சவம் தூக்கும் பெட்டி) வாடகை, குழிக் காசு என்று வரவு எழுதியிருப்பார்கள், பக்கத்தில் குடும்பத் தலைவர் பெயர் இருக்கும். பூசைக் கருத்து ஏட்டில் ஆண்டுப் பூசைக்குக் கொடுத்த நாளும் தேதியை நெருங்க உதவும்.

சிலர் ஏட்டில் இல்லாததற்குக் காரணம் திருச்சபை விதியே. தற்கொலை செய்துகொண்டவர்களுக்கு 1917 சட்டம் திருச்சபை அடக்கத்தை மறுத்தது, 1983 சட்டத்தில் அந்தத் தடை இல்லை. திருமுழுக்குப் பெறாத குழந்தைகளை மந்திரிக்காத (குரு ஆசீர்வதிக்காத) மூலையில் புதைத்தார்கள். சுவரோரத்தில் சின்னச் சின்ன மேடுகள் எழுத்தின்றி இருந்தால் பெரும்பாலும் அவைதான்.

ஆறாம் படி: தோட்டத்துக்குள்

ஆட்களைச் சந்திக்க நவம்பர் 2. கல்லறைத் திருநாளன்று ஊரே அங்கே நிற்கும், தொண்ணூறு வயதுப் பாட்டியும் வந்திருப்பார், "இந்த வேப்ப மரத்துக்குக் கீழ்தான் உங்க பெரிய தாத்தா" என்று கைகாட்ட அவரைவிட்டால் ஆளில்லை. ஆனால் கல்லை வாசிக்க அது மோசமான நாள். புதுச் சுண்ணாம்பு, மாலை, மெழுகு எல்லாம் எழுத்தை மூடியிருக்கும். வாசிக்க ஜனவரி, பிப்ரவரி நல்லது. மழை விட்டிருக்கும், வெயில் சாய்வாக விழும். புதருக்குள் கால் வைக்குமுன் கம்பால் தட்டுங்கள்.

வரைபடம் போடாமல் ஒரு கல்லைக்கூட வாசிக்கத் தொடங்காதீர்கள். வாசலிலிருந்து தொடங்கி வரிசைக்கு ஓர் எழுத்து, கல்லுக்கு ஓர் எண். 30 மீட்டர் அளவுநாடா ஒன்றும் திசைகாட்டியும் போதும். கைபேசியின் இடங்காட்டி சில மீட்டர் தவறும். ஒரு குழியின் அகலம் மூன்று அடிதான் என்பதால் அது பக்கத்துக் குடும்பத்தைக் காட்டும். இரண்டு நிலையான புள்ளிகளிலிருந்து, உதாரணமாக வாசல் தூணும் நடுச் சிலுவையும், நாடாவால் தூரம் எடுத்தால் போதும்.

எழுத்து மங்கியிருந்தால் ஒளியைத்தான் நம்ப வேண்டும். காலை ஏழு மணி வெயில் கல்லின் மேல் படுத்த மாதிரி விழும்போது தேய்ந்த எழுத்தும் நிழல் காட்டும். வடக்கு பார்த்த கல்லுக்கு முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைத் திருப்புங்கள், அல்லது இருட்டியபின் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். சாக்பீஸ், மாவு, விபூதி, சவர நுரை எதையும் பூசாதீர்கள். கம்பி பிரஷ், தேங்காய் நார், ஆசிட் வேண்டவே வேண்டாம். சுத்தத் தண்ணீரும் மென்மையான பிரஷும் மட்டும், அதுவும் கல் உறுதியாக இருந்தால். நம்மூரில் பழைய கல்லறைகள் பல செங்கல் மேல் சுண்ணாம்புச் சாந்து பூசியவை. ஆண்டுதோறும் அடித்த வெள்ளை விரற்கடை கனத்துக்கு ஏறியிருக்கும். அதைச் சுரண்டினால் சாந்தோடு எழுத்தும் வரும். சலவைக்கல்லில் ஈய எழுத்து விழுந்துபோயிருந்தால் ஆணித் துளைகளின் அமைப்பை வைத்தே எழுத்தைக் கண்டுபிடிக்கலாம். துளைகளைப் படம் எடுத்து அச்சிட்டுப் பென்சிலால் இணைத்துப் பாருங்கள்.

பழைய தமிழ்க் கற்களில் தமிழ் எண்கள் வரும். ௲ ஆயிரம், ௱ நூறு, ௰ பத்து. ௲௮௱௬௰௪ என்றால் 1864. இடமதிப்பில் ௧௮௬௪ என்றும் வெட்டியிருப்பார்கள். ௧ஐக் க என்றும், ௭ஐ எ என்றும், ௮ஐ அ என்றும் படித்து, இல்லாத பெயரொன்றை உருவாக்கிவிடுவது வழக்கமான பிழை. ௵ வருடம், ௴ மாதம், ௳ நாள். புள்ளி வைக்காத மெய், றா, ணா, லை, னை ஆகியவற்றின் பழைய வடிவங்கள் பழக இரண்டு மூன்று கல் ஆகும்.

தெற்கே கொல்லம் ஆண்டு வரும். ஆவணி முதல் டிசம்பர் வரை 824, ஜனவரி முதல் ஆடி வரை 825 கூட்டுங்கள். "கொல்லம் 1075 மாசி" என்றால் 1900. பக்கத்தில் விகாரி வருடம் என்றும் இருந்தால் கணக்கு சரி, ஏனெனில் விகாரி 1899 சித்திரையில் பிறந்தது. அறுபது ஆண்டுப் பெயர் மட்டும் இருந்தால் 1839, 1899, 1959 மூன்றும் சாத்தியம், அப்போது எழுத்தின் வடிவத்தையும் கல்லின் வகையையும் கொண்டுதான் முடிவெடுக்க வேண்டும்.

சொற்களும் சபையைக் காட்டும். "நித்திய இளைப்பாற்றி" வந்தால் பெரும்பாலும் கத்தோலிக்கர், "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" வந்தால் பெரும்பாலும் சீர்திருத்தச் சபையார். சபை மாறிக் கல்யாணம் செய்த குடும்பத்தில் எந்தக் கோயில் ஏட்டைப் புரட்டுவது என்று இது சொல்லிவிடும்.

ஐரோப்பியக் கற்கள் கண்ணில் பட்டால், 1905இல் ஜே. ஜே. காட்டன் சென்னை மாகாணக் கல்லறை எழுத்துகளுக்குத் தொகுத்த பட்டியலோடு ஒப்பிடுங்கள். இன்று பொரிந்துபோன கல்லின் முழு வாசகம் அதில் இருக்கலாம்.

ஏழாம் படி: எழுதி வைத்தல்

கல்லில் உள்ளதை வரிக்கு வரி, பிழையோடு, அப்படியே எழுதுங்கள். "ஞாணப்பிரகாசம்" என்று வெட்டியிருந்தால் அப்படியே. படிக்க முடியாத இடத்தில் சதுர அடைப்பும் எத்தனை எழுத்து என்ற மதிப்பும். ஊகத்தைத் தனிப் பத்தியில் வையுங்கள். ஏட்டின் தேதி, கல்லின் தேதி, குடும்பம் சொல்லும் தேதி மூன்றுக்கும் மூன்று பத்தி வேண்டும், ஒன்றைக் கொண்டு இன்னொன்றைத் திருத்தக் கூடாது. மோதும்போது அடக்கத்துக்கு அடுத்தடுத்த நாட்களில் எழுதிய ஏட்டுக்கு முதல் மரியாதை. கல்லைப் பிள்ளைகள் வசதி வந்தபின் இருபது ஆண்டு கழித்து வைத்திருப்பார்கள், தேதியை ஞாபகத்திலிருந்து சொல்லியிருப்பார்கள்.

வேலை முடிந்ததும் வரைபடம், பட்டியல், படங்கள் மூன்றையும் தாளில் அச்சிட்டு, மேலே தேதி போட்டு, இரண்டு பிரதியாகக் கட்டி ஒன்றைப் பங்கு அலுவலகத்தில் கொடுங்கள். பென்டிரைவ் மட்டும் கொடுத்தால் அடுத்த சாமியார் மாற்றலாகி வரும்போது அது எந்த மேசையறையில் கிடக்கிறதென்று யாருக்கும் தெரியாது. அச்சுப் பிரதியை அடக்க ஏட்டின் பக்கத்திலேயே வைக்கச் சொல்லிக் கோயில்பிள்ளையிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.